தென் ஸ்பெயின் மலைகளில் வாராவாரம் நடை: குழு கலையாமல் இருக்க என்ன வழி?

அந்தலூசியன்:

வணக்கம். வேலை கிடைத்து குடும்பத்தோடு மலாகாவுக்குக் குடிவந்திருக்கிறேன். அலுவலக நண்பர்கள், பக்கத்துத் தெருக் குடும்பம், ஸ்பானிய மொழி வகுப்பில் பழக்கமானவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். ஆசை யாருக்கும் குறையவில்லை. ஆனால் ஒரு வாரம் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அடுத்த வாரம் மூன்றே பேர். "எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு" என்று வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் தொடங்கும் பேச்சு சனி இரவு வரை முடிவதில்லை. கூட்டத்தில் மாரத்தான் ஓடுகிறவரும் உண்டு, முழங்கால் வலியோடு வரும் அம்மாவும் உண்டு.

இந்தப் பக்கம் பல வருடமாக நடக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்த மலையை எப்போது வைத்துக்கொள்வது? வேக வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஜூலை, ஆகஸ்டில் நிறுத்திவிடுகிறீர்களா? விரிவாகவே சொல்லுங்கள்.

பாதசாரி:

நல்வரவு. நான் மலாகாவில் பல வருடமாக ஒரே குழுவோடு நடக்கிறேன். முதலில் அந்த வாட்ஸ்அப் பேச்சை நிறுத்துங்கள். நாள், நேரம், கூடும் இடம் மூன்றையும் மாற்றவே மாற்றாதீர்கள். எங்களுக்கு ஞாயிறு காலை, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு காபிக் கடை. தக்காளி அரைத்துத் தடவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். வர முடியாதவர் காரணம் சொல்ல வேண்டாம். வருகிறவர் வருவதாக அறிவிக்கவும் வேண்டாம். மழை பெய்தாலும் அந்தக் கடையில் யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கைதான் குழுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு வாரம் விட்டுப் போனவர் மூன்றாவது வாரம் கூச்சமில்லாமல் வந்து உட்காருவார்.

நேரத்தை மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். இந்த நாட்டுக் கடிகாரம் சூரியனுக்கு வெகுவாக முந்தி ஓடுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் மலாகாவில் விடிய எட்டரை ஆகிவிடும். அதனால் குளிர்காலத்தில் எட்டு மணிக்குக் கடையில் கூடினால் சரியாக இருக்கும். ஜூனில் ஆறரைக்கே நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

எந்த மலை என்பதைப் பருவம் முடிவு செய்யட்டும். அக்டோபர் பாதிக்கு மேல் மழை தொடங்கி மண் இறுகியதும் மலாகாவின் கிழக்கே உள்ள அஹார்க்கியா மலைப் பக்கம் போகலாம்: ஃப்ரிகிலியானா, கோம்பேத்தா, கனீயாஸ் தெ அசேய்த்தூனோ. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பாதாம் மரங்கள் பூக்கும். அப்போது தாழ்வான சரிவுகளை விட்டு மேலே ஏற மனமே வராது. மார்ச், ஏப்ரலில் சியரா தெ லாஸ் நியேவெஸ். 2021இல்தான் அது தேசியப் பூங்கா ஆனது. பின்சாப்போ மரம் அங்கே இருக்கிறது. பனியுகம் போன பிறகும் இந்த மூலையில் ஒதுங்கிப் பிழைத்திருக்கும் தேவதாரு இனம் அது. 1837இல் இந்தப் பக்கம் சுற்றிய சுவிஸ் தாவரவியலாளர் புவாசியே அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன் இலை ஊசிபோல் மென்மையாக இருக்காது. கட்டையாக, கிளையைச் சுற்றிலும் விறைத்துக்கொண்டு நிற்கும், கையை வைத்தால் குத்தும். அதே மலையில் தோரெசீயா உச்சி 1,919 மீட்டர். போகிற வழியில் கல் கட்டிய பெரிய வட்டக் குழிகளைப் பார்ப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பனியை வாரி அதில் போட்டு மிதித்து இறுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி வைப்பார்கள். கோடை இரவுகளில் அதை வெட்டி எடுத்துக் கோவேறு கழுதைகளில் ஊர்களுக்கு இறக்குவார்கள். எங்கள் குழுப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று பார்ப்பார்கள்.

வேகத்துக்கு வருகிறேன். முன்னால் ஒருவர் வழி தெரிந்தவர், கடைசியில் ஒருவர். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர் ஒவ்வொரு வாரமும் மாறுவார், நல்ல நடையாளராகவும் இருக்க வேண்டும். பாதை பிரியும் இடம் எதுவானாலும் முன்னால் போனவர் நின்று, கடைசி ஆளின் முகம் தெரிந்த பிறகே நகர வேண்டும். எங்களிடம் இருக்கிற ஒரே சட்டம் இதுதான்.

கிரனாடா மாணவி:

பாதசாரி அண்ணா சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் எல்லாமே கடலோர மலாகாவின் கணக்காக இருக்கிறது. கிரனாடாவில் இருப்பவர்களுக்கு சியரா நெவாடா நகரப் பேருந்து தூரத்தில். மொனாச்சில் ஊரிலிருந்து லோஸ் காவோரோஸ் பள்ளத்தாக்கு அரை நாள் நடைதான். அங்கே உள்ள தொங்கு பாலம் 63 மீட்டர் நீளம். ஒரே நேரத்தில் சிலரைத்தான் தாங்கும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பாறை முதுகு பாதைமேல் கவிந்து வரும். பாறையில் அடித்து வைத்திருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகுப்பையை மார்புக்கு மாற்றிக் குனிந்து போக வேண்டும். புதிதாக வருகிறவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவோம். ஒருவர் பயந்தால் யார் கை கொடுக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று வெரேதா தெ லா எஸ்த்ரேய்யா. குவெஹர் சியராவுக்கு மேலே, பழைய சுரங்கக்காரர்கள் போன பாதை. கிரனாடாவிலிருந்து மலைக்கு ஓடிய டிராம் 1974இல் நிறுத்தப்பட்டது. அதன் கடைசி நிலையம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நடை தொடங்குகிறது. செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு திரும்பியதும் முலாசென், அல்கசாபா என்ற இரண்டு சிகரங்களின் வடக்கு முகமும் ஒருசேர எதிரே வந்து நிற்கும். மே மாதத்திலும் அதில் பனி இருக்கும். உச்சிக்குப் போகாமலே உச்சியைப் பார்க்கக் கிடைப்பதால், யார் எங்கே திரும்பினாலும் யாருக்கும் குறை இருக்காது.

ஒரு எச்சரிக்கை. முலாசென் 3,479 மீட்டர், ஐபீரியத் தீபகற்பத்தில் அதைவிட உயரம் இல்லை. தெற்கு வழியில் கோடையில் ஏறினால் அது ஒரு நீண்ட நடைதான். அதனாலேயே "எளிதான மலை" என்ற பேச்சு பரவியிருக்கிறது. நவம்பரிலிருந்து மே வரை அதே சரிவு ஐஸ் பிடித்துக் கண்ணாடியாகிவிடும். பனிக்கோடரியும் காலணி முள்ளும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்தவர்கள் மட்டும் போகலாம். வாராந்திர நண்பர் குழுவுக்கு அது குளிர்கால இடமே இல்லை.

சூரிச் வாசி:

போன ஈஸ்டர் விடுமுறைக்கு மலாகாவுக்குக் கிழக்கே கடலோர ஊரான நெர்ஹாவில் நின்றபோது மூன்று நடை போனோம். மலைகள் அருமை. ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். நாங்கள் இங்கே எங்கள் ஆட்களோடு சனிக்கிழமைகளில் வெளிக்கிடும்போது முதலிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுவோம். வேகமானவர்கள் மேல் பாதை, மற்றவர்கள் கீழ்ப் பாதை, பின்னேரம் ஒரே இடத்தில் சந்தித்துச் சாப்பிட்டுக் கதைப்போம். எல்லாரையும் கடைசி ஆளின் வேகத்துக்குக் கட்டிப் போட்டால் நன்றாக நடப்பவர்கள் சலித்துப்போய் வராமல் விட்டுவிடுவார்கள். உங்கள் குழுவில் அது நடக்கவில்லையா?

பாதசாரி:

நியாயமான கேள்வி. நடந்திருக்கிறது, சிலர் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமும் உண்டு. இருந்தாலும் இந்த மலைகளில் பிரிந்து போவதை நான் ஏற்க மாட்டேன்.

சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் மஞ்சள் பலகை நின்று, அடுத்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லும். இங்கே அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. வெள்ளையும் சிவப்பும் கலந்த கோடு நெடும்பாதைக்கு, வெள்ளை மஞ்சள் சிறு பாதைக்கு, வெள்ளை பச்சை உள்ளூர்ப் பாதைக்கு. பெருக்கல் குறி போட்டிருந்தால் அது தவறான வழி. இந்தப் பெயின்ட் கோடுகள் வெயிலில் வெளிறி, சில இடங்களில் பாறையோடு சேர்ந்து உருண்டும் போயிருக்கும். ஆட்டு மந்தை போட்ட தடங்கள் உண்மைப் பாதையைவிடத் தெளிவாகத் தெரியும். லா மரோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2,066 மீட்டர், மலாகா மாகாணத்தின் உயரமான இடம். அதன் உச்சி கூராக இருக்காது, ஊர் மைதானம் மாதிரி அகன்ற வெறும் சுண்ணாம்புப் பாறை. கடலிலிருந்து மேகம் ஏறினால் கால் மணி நேரத்தில் அங்கே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கனீயாஸ் பக்கம் இறங்க வேண்டியவர் வேறு ஊர்ப் பக்கம் இறங்கினால், காரில் சுற்றி வரவே நெடுநேரம் பிடிக்கும். கைபேசிச் சமிக்ஞை பள்ளங்களில் இருக்காது. வேகமானவர் வழி தவறினால் வெகுதூரம் போன பிறகுதான் அது அவருக்கே தெரியும்.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி: வேகமானவர்களுக்குப் பாதையைக் கூட்டித் தருவோம். பக்கத்தில் ஒரு குன்று இருந்தால் அவர்கள் ஏறி இறங்கி, அதே பாதையில் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒரே பாதையில் முன்னும் பின்னும் ஓடட்டும், வேறு பாதை வேண்டாம். அப்புறம், கடைசி ஆள் பொறுப்பை அவர்களிடமே அடிக்கடி கொடுப்போம். மெதுவாக நடப்பவரோடு முழு நாளும் பேசிக்கொண்டு வந்த பிறகு பலருக்கு முன்னால் ஓடும் அவசரமே போய்விட்டது.

நெர்ஹாக்காரன்:

கோடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜூலையில் உள்நாட்டிலிருந்து தெர்ரால் காற்று அடிக்கும். மலாகாவில் அது அடிக்கும் நாளில் கடற்கரையிலேயே 40 டிகிரியைத் தொடும். அந்த நாட்களில் வெறும் பாறைச் சரிவில் ஏறக் கூடாது. எங்கள் ஊர் ஆட்கள் ரியோ சீயார் ஆற்றுக்குள்ளேயே நடந்து போவார்கள், கணுக்கால் தண்ணீர், இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்ப் பாறை. ஆனால் கூட்டமும் குப்பையும் தீ பயமும் சேர்ந்து அந்த வழியை மூடிய காலங்கள் உண்டு. நகராட்சியிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூடியிருந்தால் மூடியதுதான், வேலியைச் சுற்றிக்கொண்டு நுழைகிறவர்களோடு சேராதீர்கள்.

எல் சியேலோ மலையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1,508 மீட்டர், உச்சியில் சிலுவை, கீழே நேராகக் கடல். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். அல்மிஹாரா மலையின் வெள்ளை டோலமைட் பளிங்கு பொடிந்து சரளையாகக் கிடக்கும், குதிகாலை ஊன்றினால் அப்படியே வழுக்கும். கைத்தடி இரண்டும் வேண்டும். மாரத்தான் நண்பர் அங்கே நிதானத்துக்கு வந்துவிடுவார்.

கூட்டமாகப் போக எனக்குப் பிடித்தது ஃப்ரிகிலியானாவிலிருந்து எல் அசெபுச்சால். உள்நாட்டுப் போருக்குப் பிறகு சர்வாதிகாரி பிராங்கோவுக்கு எதிரான கெரில்லாக்கள் இந்த மலைகளில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள் என்று சொல்லி 1940களின் இறுதியில் அந்தக் கிராமத்தையே காலி செய்ய வைத்தார்கள். கூரைகள் விழுந்து ஐம்பது வருடம் பாழாகக் கிடந்தது. பிறகு அந்த ஊர்க் குடும்பங்களின் வாரிசுகள் திரும்பி வந்து வீடு வீடாகக் கட்டி எழுப்பினார்கள். இப்போது அங்கே சாப்பாட்டுக் கடை இருக்கிறது, சுவரில் பழைய பாழ் வீடுகளின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். போகிற குழுக்கள் அந்தப் படங்களை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கிரனாடா மாணவி:

கோடைக்கு எங்கள் விடை வேறு: மேலே போய்விடுங்கள். மலாகா கொதிக்கும் நாளில் 2,500 மீட்டரில் காற்று குளுகுளுவென்றிருக்கும். ஓயா தெ லா மோரா வரை கார் போகும், அதற்கு மேல் பூங்காவின் சிறு பேருந்து. வெலேட்டா சிகரத்துக்குக் கீழே சின்னச் சின்ன ஏரிகளைச் சுற்றி நடக்கலாம். ஏரியோரப் பசும்புல் திட்டுகளில் கால் வைக்காதீர்கள், அந்த ஈர மண்ணில் வேறெங்கும் இல்லாத செடிகள் முளைக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு உயரம் வருவதால் சிலருக்குத் தலை வலிக்கும். முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பிற்பகலில் இடி மேகம் திரளும் நாட்களில் மதியத்துக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்.

காட்டுப்பூ:

முழங்கால் வலி அம்மாவைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். என் அத்தைக்கும் அதே பிரச்சினை, ஆனாலும் பெரும்பாலான வாரங்களில் வருகிறார். அவருக்காக நாங்கள் கண்டுகொண்டது அசேக்கியா என்னும் நீர்க்கால்வாய்களின் ஓரப் பாதைகள்.

சியரா நெவாடாவின் தெற்குச் சரிவான அல்புஹாரா முழுக்க மலையை ஒட்டி இந்தக் கால்வாய்கள் ஓடுகின்றன. முஸ்லிம்கள் ஆண்ட காலத்து வேலை, இன்றும் அவற்றில்தான் தண்ணீர் வருகிறது. தண்ணீர் மெல்ல ஓட வேண்டும் என்பதால் கால்வாய் கிட்டத்தட்டச் சமமாகப் போகும், அதன் கரையில் உள்ள பாதையும் சமம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, காலடியில் தண்ணீர்ச் சத்தம், மேலே செஸ்ட்நட் நிழல். பொக்கேய்ரா பள்ளத்தாக்கில் பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா மூன்று ஊர்களும் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இருக்கும். ஊரிலிருந்து ஊருக்கு நடந்துவிட்டு, முடியாதவர் அங்கேயே பேருந்தைப் பிடிக்கலாம். தட்டைக் கூரைகளில் சாம்பல் நிறக் களிமண் பரப்பியிருப்பதைப் பாருங்கள், மழை பட்டதும் அது இறுகி நீரை உள்ளே விடாது.

கால்வாய்களில் ஒரு வகை இருக்கிறது, நான் வியந்து போன விஷயம். வசந்தத்தில் பனி உருகும்போது தண்ணீரை வயலுக்கு விடாமல் மலையின் மேல் சரிவுகளுக்குக் கொண்டுபோய், நீர் ஊறும் மண்ணில் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அது மெல்ல உள்ளே இறங்கி, கோடையில் கீழே உள்ள ஊற்றுகளில் வெளிவருகிறது. அணை இல்லாமல் மலைக்குள்ளேயே நீரைச் சேமிக்கும் ஏற்பாடு. ஊர்களில் ஆள் குறைந்து பல கால்வாய்கள் தூர்ந்து போயின. கிரனாடா பல்கலைக்கழகத்தினர் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு தூர்வாருகிறார்கள். கான்யார் ஊரில் 2014இல் தொடங்கியது. நடைக் குழுக்கள் வருடத்தில் ஒரு ஞாயிறையாவது மண்வெட்டியோடு அதற்குக் கொடுக்கலாம். அந்தப் பாதைகளில் நாம் நடப்பதே யாரோ கால்வாயைப் பராமரிப்பதால்தான். தண்ணீர் நின்றால் கரை சரியும், மரம் பட்டுப்போகும், பாதையும் போய்விடும்.

அந்தலூசியன்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் காட்டுப்பூ எழுதியதைப் படித்துக் காட்டினேன், இந்த வாரமே போகலாம் என்கிறார். மூன்று சின்னக் கேள்விகள். எங்களில் பாதிப் பேர் சைவம், மலை ஊர்க் கடைகளில் என்ன கிடைக்கும்? ஒரு நண்பர் நாயைக் கூட்டி வரலாமா என்கிறார். வேட்டைக்காரர்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறார்கள், பயப்பட வேண்டுமா?

நெர்ஹாக்காரன்:

சாப்பாடு: மிகாஸ் என்ற ரொட்டித் துருவல் வறுவலில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்பது மட்டும் போதாது, ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை), கோழி, டியூனா மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். கத்தரிக்காய் வறுவலில் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், நம்பிக் கேட்கலாம். பாகு பெரும்பாலும் ஃப்ரிகிலியானா ஆலையில் காய்ச்சியதாகவே இருக்கும். பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப்பும் உண்டு. மலை இறங்கி மூன்று மணிக்குப் போனாலும் மதியச் சாப்பாடு போடுவார்கள்.

பாதசாரி:

நாய்: பிப்ரவரி, மார்ச்சில் பைன் காட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஊர்வலப் புழுக்கள் மரத்திலிருந்து இறங்கி வரிசையாகப் போகும் காலம். நாய் மோந்து பார்த்தால் நாக்கு வீங்கி உயிருக்கே ஆபத்து. மற்ற மாதங்களில் கயிற்றில் கட்டிக் கொண்டு வரலாம். ஆட்டு மந்தைக்குக் காவலிருக்கும் மஸ்தீன் நாய்கள் பெரியவை, மந்தையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

வேட்டை: அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை. காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் இடத்தில் பாதையில் பலகை வைத்திருப்பார்கள். பார்த்தால் பேச்சே இல்லை, திரும்பிவிடுங்கள். அதற்காகவே கையில் எப்போதும் இன்னொரு பாதை இருக்க வேண்டும்.

கேட்காத ஒன்று: மலையேற்றக் கூட்டமைப்பின் வருட அட்டையை எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள், விபத்துக் காப்பீடும் மீட்பும் அதில் சேரும். அவசர எண் 112. எந்தப் பாதையில் போகிறோம் என்பதை மலைக்கு வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சூரிச் வாசி:

பாதசாரி அண்ணா, பிரிந்து போவதைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் ஆட்களிடமும் கதைத்தேன். இங்கே பலகைகள் இருப்பதால் எங்கள் வழக்கம் மாறாது. ஆனால் வேகமானவரைக் கடைசி ஆளாக விடுவது நல்ல யோசனை, வாற சனிக்கிழமை செய்து பார்க்கப் போகிறோம்.

அந்தலூசியன்:

சரி, முடிவு செய்துவிட்டோம். இனி ஞாயிறு காலை எட்டு மணி, இடம் மாறாது. முதல் வாரம் ஃப்ரிகிலியானாவிலிருந்து எல் அசெபுச்சால், கடைசி ஆள் மாரத்தான் நண்பர். பாதாம் பூத்ததும் கோம்பேத்தா. நெர்ஹாக்காரன், ஃப்ரிகிலியானாவில் ஞாயிறு காலையில் நான்கு கார் நிறுத்த இடம் கிடைக்குமா?

நெர்ஹாக்காரன்:

ஒன்பதுக்குள் வந்தால் கிடைக்கும். பழைய ஊருக்குள் காரை விடாதீர்கள், தெருக்கள் குறுகல். கீழே சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். நானும் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன், பாதை தொடங்கும் இடத்தைக் காட்டுகிறேன். வழியில் தண்ணீர்க் குழாயை நம்ப வேண்டாம், ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்து வாருங்கள்.